இரண்டாவது சஹன்

என் ஆயுளில் நான் ஓர் உதைபந்தாட்டப் போட்டியையும் கண்ணால் பார்த்ததில்லை. போகம்பறை மைதானம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கோல் விழுந்தால் எழும் இரைச்சல் எங்கள் குசினிவரைக்கும் கேட்கும். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் மைதானத்துப் பக்கம் போனால் ஊர் வாயில் விழுந்து எழும்ப முடியாது. அதனால் பந்தை எப்படி உதைக்க வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனாலும் தோற்றுப்போன டீமுக்குப் பந்து பழக்கிய மாஸ்டரை மாற்றலாமா கூடாதா என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் சும்மா இருப்பதில்லை. 'உனக்கென்ன தெரியும்' என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அதில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் மைதானத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியாமல் போயிற்று. அதைத்தான் எழுதுகிறேன்.

டீம் எங்கள் நானாவுடையது. நானா என்றால் எங்கள் பேச்சில் மூத்த சகோதரர். கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் அவருக்குப் புடவைக்கடை இருந்தது. உடுப்பு, பந்து, ஊர் ஊராகப் போய்வர லொறி எல்லாம் அவர் செலவு. கடையிலும் அக்கம்பக்கத்திலும் வேலை செய்த பொடியன்மார்தான் ஆட்டக்காரர்கள். நானா தன் வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்; நானா கோட்டுக்கு வெளியே நின்று கத்தும்போது அவருடைய வயிறு ஆடுவதைப் பார்க்கவே சிலர் மைதானத்துக்கு வருவார்களாம். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

என் கணவர் மௌத்தாகி, இத்தா என்கிற துக்கக் காலம் இருந்து முடித்த பிறகு நானா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அதற்கு முன் மாவனல்லையில் என் வீட்டில் அயலவரின் பெண்பிள்ளைகளுக்கு நான் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தேன். கணவர் போனதும் சொந்தக்காரர்கள் எல்லாரும், "பாவம், அவட மனசு சரியில்ல, கொஞ்ச நாள் சும்மா இரிக்கட்டும்" என்று சொல்லிப் பிள்ளைகளை வேறு ஒருத்தியிடம் அனுப்பிவிட்டார்கள். அன்பினால்தான் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. என்னிடம் மிச்சமிருந்த ஒன்றையும் அன்பாகவே பிடுங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரம் இந்தக் கதைக்கு வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

டீமுக்குப் பந்து பழக்கியவரை எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக் கொண்டிருந்தவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தோட்டத்தில் பிறந்து, கண்டியில் பாதிரிமாரிடம் படிக்கும்போது பந்து விளையாடிப் பழகியவர். ஒரு முறை நானாவின் டீம் தெல்தோட்டைக்குப் போய், கொழுந்து மூட்டை தூக்குகிற பையன்களிடம் படுதோல்வி கண்டு திரும்பியது. அந்தப் பையன்களைப் பழக்கியவர் இவர்தான் என்று தெரிந்ததும் நானாவுக்குத் தூக்கம் போயிற்று. விடாமல் போய்ப் பேசி, பள்ளிக்கூட வேலையை விடவைத்து, மனைவி மகனோடு மாஸ்டரைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் நானாவுக்கு ஒரு சிறிய வீடு இருந்தது. அதில் குடிவைத்தார். மாஸ்டருக்கு வேறு வேலை இல்லை. டீம்தான் வேலை, டீம்தான் சோறு, டீம்தான் வீடு.

அந்த முதல் வருஷம் எங்கள் டீம் வெல்லாத இடமில்லை. கடையில் துணி வெட்டுவதை நிறுத்திவிட்டு ஆட்கள் பந்துக் கதை பேசினார்கள். வெற்றிக் கிண்ணம் ஒன்று வந்தது. மதினி, அதாவது நானாவின் மனைவி, அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு மலேரியா வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டின் கடைசி. மழை பொய்த்து, மகாவலி வற்றி, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்ற காலம். ஆற்றோரத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். கொயினா மருந்து வாங்க ஆஸ்பத்திரி வாசலில் சனம் நிற்க இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மாஸ்டரின் மகன் அந்தக் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பிள்ளை. மலையில் இருந்திருந்தால் அந்தக் காய்ச்சல் அவனை எட்டியே பார்த்திருக்காது. நானா அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடாமல் கதிரையில் உட்கார்ந்தபடி, "நான்தானே தங்கச்சி அந்த ஊட்டுல கொண்டு வெச்சேன்" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் அதே காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நானாவின் மகளுக்கு அப்போது மூன்று வயது. கண் திறக்காமல் கிடந்தாள். டீம் பொடியன்மார் ஐஸுக்கும் மருந்துக்கும் மாறி மாறி ஓடினார்கள். மகனைப் புதைத்த மண் காயாத அந்த மாஸ்டரும் தினம் வந்து வாசல் படியில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். டாக்டர் கையை விரித்த நாளில் மதினி பிள்ளையின் நெற்றியில் கைவைத்து நேர்ந்தாள். எனக்கு நேரே நின்று சொன்ன வார்த்தை அது.

"யா அல்லாஹ், எண்ட புள்ள எழும்பி நடந்தா, இந்தப் பொடியன்மார் விளையாடப் போற நாளில எல்லாம் எண்ட ஊட்டுச் சோறு அவங்கட வயித்தில போகும். புள்ளைக்கு ஏழு வயசாகும் வரைக்கும் போகும்."

பிள்ளை எழும்பி நடந்தாள். மதினியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

எங்கள் வீடுகளில் விருந்தென்றால் சஹனில்தான் வைப்பார்கள். பெரிய தட்டு. அதில் சோற்றைக் குவித்து, இறைச்சியையும் கறிகளையும் மேலே வைத்துப் பாயின் நடுவே வைத்தால், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். டீம் பதினொரு பேர். கோல் காப்பவன், அவனுக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், அந்த ஆறு பேரும் முதல் சஹன். முன்னால் ஓடிக் கோல் அடிக்கிற ஐந்து பேர் இரண்டாவது சஹன். அதில் ஓர் ஆள் குறைவதால் மாஸ்டர் உட்கார்ந்துகொள்வார். மெட்ச் நாளில் நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்த கையோடு இரண்டு சஹனும் முன் ஹோலில் இறங்கும். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, கோழிப் பொரியல், மாசிச் சம்பல், கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். விருந்தைப் பகலில் கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வேறு நேரத்தை யாரும் யோசிக்கவில்லை. நானா நின்று பரிமாறுவார். பிள்ளையின் உயிருக்காக வைத்த சோறு, ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது என்பது மதினியின் கட்டளை. பொடியன்மாருக்கும் அது தெரியும். போதும் என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் வராது.

நானும் மதினியும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்போம். திரையின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக எனக்குத் தெரிந்தது இரண்டாவது சஹனும் மாஸ்டரின் வலது கையும்தான். அந்தக் கையைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. சஹனில் சாப்பிடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தனக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவன் பக்கம் கை போகக்கூடாது. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இதைப் பழக்கிவிடுவோம். இந்த மனிதரின் கையோ தன் முன்னால் இருந்ததை வழித்துவிட்டுப் பக்கத்து ஆளின் பங்குக்குப் போகும். அவன் இறைச்சியை எடுக்கும். அதற்கும் அப்பால் எட்டி எதிரே இருப்பவனின் சோற்றை வாரும். வட்டிலப்பத்திலும் பாதி அவருக்குத்தான். பொடியன்மார் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள். பெரிய மனிதரை என்ன சொல்வது?

"வேதக்கார ஆள், சஹன்ட முறை தெரியாது" என்றாள் மதினி.

"முறை தெரியாட்டிப் போகட்டும், வயித்துக்கு அளவாவது தெரியாதா?" என்றேன் நான். புள்ளையை மண்ணுக்குக் கொடுத்து ஒரு வருஷம் ஆகாத மனிதருக்கு இவ்வளவு சோறு எப்படி இறங்குகிறது என்றும் கேட்டேன். குசினியில் அவருக்குச் சோத்து மாஸ்டர் என்று பெயர் வைத்ததும் நான்தான். பாத்திரம் கழுவுகிற பெண்கள் அந்தப் பெயரை விழுந்து விழுந்து சிரித்துச் சொல்வார்கள்.

அந்த வருஷம் டீம் தோற்றது. ஒரு மெட்ச், இரண்டு மெட்ச் என்றில்லை, வரிசையாகத் தோற்றது. நானா வீட்டுக்கு வந்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான கதையைத்தான் சொல்வார். முதலில் நம் ஆட்கள் கோல் அடிப்பார்கள். முன்னால் நிற்கும் ஐந்து பேரும் கடைசி வரைக்கும் குதிரை மாதிரி ஓடுவார்கள். ஆனால் பாதி நேரம் கழிந்ததும் பின்னால் நிற்பவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டவர்கள் போல நின்றுவிடுவார்கள். எதிராளி நடந்து வந்தே கோல் அடித்துவிட்டுப் போவான். "முன்னுக்கு அடிக்க மட்டும்தான் மாஸ்டர் பழக்கியிரிக்கார். பின்னுக்கு நிக்கிறவனுக்கு ஒண்டும் பழக்க இல்ல" என்று கடைத்தெருவில் பேச்சு.

சீசன் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மதினியின் தம்பி சிலரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரும்புக் கடைக்காரர். உரத்த குரல், ஆனால் கெட்ட மனசு இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஹோலில் பேச்சு தொடங்கியது. நான் திரைக்குப் பின்னால் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், யாவாரம் படுத்தா மனேஜர மாத்துறதில்லயா? இதுவும் அப்பிடித்தான்" என்றார் தம்பி.

"போன வருஷம் கப் கொண்டுவந்ததும் இதே மனிசன்தானே?" என்றார் நானா. "பொடியன்மாரும் அதே பொடியன்மார். ஒரு வருஷத்தில மனிசனுக்கு வித்தை மறந்து போகுமா?"

"வித்தை மறக்க இல்ல மச்சான். அப்ப அவர்ட புள்ள உயிரோட இருந்திச்சு."

நானா கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் குறை செல்ல வர இல்ல. பாவம் அந்த மனிசன். மனசு ஒடிஞ்சி போயிரிக்கார். பந்துல அவருக்கு நெனப்பே இல்ல. அந்த ஆத்தோரத்து ஊட்டுல இரிந்து தினம் அதே தண்ணியப் பாத்துட்டிரிக்கச் செல்றதும் பாவம்தானே? மலைக்கு அனுப்புங்க. சொந்தக்காரங்களோட இரிந்து ஆறட்டும்."

இதைக் கேட்டதும் நானா அசைந்துவிட்டார் என்று எனக்குத் திரையின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. தோற்றதற்காக ஒருவரை அனுப்ப அவருக்கு மனம் வந்திருக்காது. இரக்கத்துக்காக அனுப்பலாம் என்றதும் வழி திறந்துவிட்டது. அவர்கள் போன பிறகு நான் நானாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுறவன்ட கையில இரிக்கிற வேலையப் பறிக்கிறதா நானா ஆறுதல்? எனக்கும் அப்பிடித்தான் ஆறுதல் செஞ்சாங்க. நான் ஆறிட்டேனா, கேளுங்க."

"நீதானே அவரச் சோத்து மாஸ்டர்னு செல்ற?"

"சோறு தின்றது வேற. அவர்ட சோத்துல மண்ண அள்ளிப் போடுறது வேற."

நானாவுக்கும் உள்ளுக்குள் பயம். அந்த மனிதரை ஒவ்வொரு நாளும் நேரில் பார்ப்பதே அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது என்று நினைக்கிறேன். இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று நான் மன்றாடினேன். என் மன்றாட்டம் எடுபடவில்லை.

அடுத்த நாள் மாஸ்டரை வரச் சொன்னார். மாஸ்டர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நானா சுற்றி வளைத்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, கடைசியில் கேட்டார்.

"மாஸ்டர், மகன் போனதுக்குப் பொறகு ஒங்கட மனசு பந்துல இல்லன்னு எல்லாரும் செல்றாங்க. உண்மையா?"

எனக்கு அவருடைய கை மட்டும் தெரிந்தது. முழங்காலின் மேல் வைத்திருந்த அந்தக் கை ஒரு முறை மூடித் திறந்தது.

"ஆமாங்க மொதலாளி" என்றார். "மனசு சரியில்லதான். பழக்குறதுல நான்தான் கோட்டை விட்டுட்டேன். பசங்க மேல தப்பு இல்லைங்க."

நானாவுக்குப் பாரம் இறங்கியது போல இருந்திருக்க வேண்டும். நல்ல வார்த்தைகள் நிறையச் சொன்னார். எழும்பிப் போகும்போது மாஸ்டர் வாசலில் நின்று, "பாப்பா நல்லா சாப்புடுறாங்களா?" என்று கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நானா சொன்னார். அடுத்த வார முடிவிலேயே கட்டுகஸ்தோட்டை வீடு காலியானது.

புதிய மாஸ்டராக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பொலிஸ் சார்ஜன். மலாய்க்காரர், ஐந்து நேரமும் தொழுகிறவர், யாருக்கும் பயப்படாதவர். அடுத்த சீசனின் முதல் மெட்ச் அன்று வழக்கம்போல ளுஹருக்குப் பிறகு இரண்டு சஹனும் இறங்கின. சார்ஜன் உட்காரவில்லை. நின்றபடியே சஹன்களைப் பார்த்தார்.

"மொதலாளி, எத்தன மணிக்கு மெட்ச்?"

"நாலரைக்கு."

"இவ்வளவையும் தின்னிட்டு நாலரைக்கு மனிசன் ஓடுவானா? படுத்துத் தூங்கத்தான் ஏலும்."

திரைக்குப் பின்னால் மதினி என் கையைப் பிடித்தாள். நானா மெல்ல, இது பிள்ளைக்காக வைத்த நேர்ச்சை என்று விளக்கிச் சொன்னார்.

"நேர்ச்சைய நிறைவேத்தத்தான் வேணும்" என்றார் சார்ஜன். "ஆனா நேரும்போது பகல்னு நேரமும் சேத்துச் சென்னீங்களா?"

நானா திரைப் பக்கம் திரும்பினார். மதினி யோசித்தாள். நான் அன்றைக்குப் பக்கத்தில் நின்றவள், எனக்கும் நினைவிருந்தது.

"நாள் மட்டும்தான் சென்ன" என்றாள் மதினி. "நேரம் செல்ல இல்ல."

"அப்ப பொழுது பட்டு மஃரிபுக்குப் பொறகு வைங்க. பொடியன்மார் வெளையாடிட்டு வந்து தின்னட்டும்."

அவ்வளவுதான். சஹன்களைத் தூக்கிக் குசினிக்குக் கொண்டுபோய் மூடிவைத்தோம். பொடியன்மாருக்கு ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் தேத்தண்ணியும் கொடுத்தோம். சாயங்காலம் கோல் சத்தம் கேட்டது. மஃரிபுக்குப் பிறகு எல்லாரும் சிரித்துக்கொண்டு வந்து சஹனில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த மெட்சும் வென்றார்கள். அதற்கடுத்ததும் அப்படியே.

கடைத்தெரு முழுவதும் ஒரே பேச்சுத்தான். முதலாளி சரியான நேரத்தில் மாஸ்டரை மாற்றினார், அதுதான் டீம் நிமிர்ந்தது. மதினியின் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நானாவை யாராவது பாராட்டினால் அவர் எழும்பி உள்ளே போய்விடுவார். ஒரு நாள் என்னிடம் வெடித்தார்.

"அந்த மனிசனுக்கு இது தெரியாமலா இரிந்திரிக்கும்? சார்ஜன் ஒரு பார்வையில கண்டார். ஒரு வருஷம் முழுக்கக் கூடவே குந்தித் தின்னிட்டு, ஒரு சொல் செல்லாம என்ன ஊருக்கு முன்னுக்கு அவமானப்பட வெச்சிரிக்கார். நான் போய் நேருக்கு நேர் கேக்கப் போறன்."

கோபம்தான். அதற்குள் வேறு ஏதோ இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். மதினி அப்போது பிள்ளை பெற்றுப் படுக்கையில் இருந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு, முன்னரே சொல்லியனுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாவின் காரில் கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போனோம்.

பள்ளிக்கூடத்தில் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டிருந்தார். மாஸ்டர் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தார். குடியிருப்பு, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அண்ணனுடைய லயத்துக் காம்பராவில். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவே சாக்குத் திரை. நான் பின்னால் போய் அவருடைய மனைவியோடு உட்கார்ந்தேன். என்னை விட இளையவள். தலை அதற்குள் நரைத்திருந்தது. அடுப்பில் சோறும் பருப்பும் இருந்தன. பக்கத்தில் முட்டைப் பொரியல்.

"நீங்க எங்க வீட்டு இறைச்சி சாப்புட மாட்டீங்கன்னு தெரியுங்க. சட்டி பானையெல்லாம் புதுசா வாங்கித்தான் ஆக்கினேன்" என்றாள்.

சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "பாப்பா நல்லாத் தேறிட்டாங்க" என்றார். நானா நேராகவே கேட்டார்.

"மாஸ்டர், பகல் சாப்பாட்டாலதான் தோத்தோம்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியுங்க மொதலாளி. மொத மெட்சுலயே தெரியும்."

"அப்ப ஏன் செல்ல இல்ல?"

"பாப்பா உசுருக்கு நேர்ந்த சோறுங்க. அத மாத்து, நிறுத்துன்னு பேச எனக்கு என்ன உரிமை இருக்கு? உங்க முறை எனக்குத் தெரியாது. நான் ஒண்ணு சொல்லி, நீங்களும் மாத்தி, நாளைக்குப் பாப்பாவுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட..." அவர் நிறுத்தினார். "நாங்களும் அந்தோனியாருக்கு நேர்ந்தோம். எங்களுக்குப் பலிக்கல. உங்களுக்குப் பலிச்சுது. மெட்சு அடுத்த வருசமும் வரும்ங்க."

நானா அழுதார். ஒரு பெரிய மனிதர் அழும் சத்தத்தைப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று நான் பாத்திரத்தை உருட்டிச் சத்தம் எழுப்பினேன். திரும்பி வந்துவிடுங்கள் என்று நானா கெஞ்சுவதும் கேட்டது. மாஸ்டர் சம்மதிக்கவில்லை. "சார்ஜன் நல்லா நடத்துறாருன்னு கேள்விப்பட்டேன். செயிக்கிறவர மாத்தக் கூடாதுங்க மொதலாளி" என்றார்.

மனைவி சாப்பாடு போட்டாள். நானாவுக்குத் தட்டு நிறைய. மாஸ்டரின் பீங்கான் தட்டில் இரண்டு அகப்பை மட்டும் வைத்தாள். நான் அந்தப் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவுதானா?"

"இவருக்கு இதே அதிகம்ங்க. கல்யாணம் கட்டின நாள்லருந்து குருவி மாதிரித்தான் சாப்பிடுவாரு. அதுலயும் புள்ள போனதுக்கப்புறம் சோறே எறங்கல. கண்டியில இருந்தப்ப மெட்ச் நாள்ல மட்டும் வயித்தப் புடிச்சுக்கிட்டு வந்து விழுவாரு. வாந்தி எடுத்தே ஓஞ்சு போவாரு. என்னாங்க, ஏதுங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லம்பாரு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஏன்னு தெரியாதுங்க."

நான் பருப்புச் சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

கார் கலஹாவைத் தாண்டியது. பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். பிறகு நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழிசல் வழியாக நான் பார்த்த கையை, அது பக்கத்துப் பங்குக்குப் போனதை, எதிரே இருந்தவனின் இறைச்சியை எடுத்ததை, வட்டிலப்பத்தில் பாதியை வழித்ததை. அவர் மனைவி வைத்த இரண்டு அகப்பையையும் வாந்தியையும் சொன்னேன். நானா முதலில் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி, வேலிக் கல்லில் கைவைத்து, தேயிலை மலையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். நான் கண்ணாடியை இறக்கி அவரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டாவது சஹன்தானே அது?" என்று கேட்டார்.

"ஓம். முன்னுக்கு ஓடுற அஞ்சு பேர்ட சஹன்."

"அந்த அஞ்சு பேரும் கடைசி வரைக்கும் ஓடினாங்க தங்கச்சி" என்றார் நானா. "மத்த சஹனுக்கு அவர்ட கை எட்ட இல்ல."